நம்ம ஊர் ரோட்டுக்கு ஒரு காயிலோவர்

காரில் காயிலோவர், அதாவது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) சேர்ந்த சஸ்பென்ஷன் செட், மாட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் வாங்கலாம்?" என்றுதான். கோவையில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஓட்டுகிறேன், அதில் காயிலோவர் போட்டிருக்கிறேன் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் அதே பிராண்டின் அதே செட் ஒருவர் வண்டியில் வருடக்கணக்கில் உழைக்கிறது, இன்னொருவர் வண்டியில் ஒரு மழைக்காலம்கூடத் தாக்குப்பிடிக்காமல் எண்ணெய் கக்குகிறது. இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஒன்று தரையைத் தடவிக்கொண்டு நிற்கும். மற்றது நிற்காது.

காயிலோவர் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை இரண்டு விஷயங்கள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன என்பது என் எண்ணம். டேம்பருக்குள் பிஸ்டனைத் தாங்கும் கம்பியான ராடு ஓட எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது; பழுதானால் அதைப் பிரித்துச் சரிசெய்ய வழி இருக்கிறதா. மீதி எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

முதலில் ஒரு டேம்பர் எப்படிச் சாகிறது என்று பார்க்க வேண்டும். ரேஸ் டீம்களுக்கு வேலை செய்யும் பட்டறை ஒன்று இங்கே இருக்கிறது. அங்கே இருக்கும் அண்ணன் பழைய டேம்பரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க விடுவார். உள்ளே அடைத்திருக்கும் வாயுவை வெளியேற்றிவிட்டு, மேல்மூடியைக் கழற்றி, ராடை மெல்ல உருவினால் பின்னாலேயே எண்ணெய் வரும். புது எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கும். இதில் வந்தது கறுத்து, சாம்பல் கலந்த மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த மினுக்கம் தேய்ந்த உலோகத்தூள். எண்ணெய் கசியாமல் காக்கும் சீலின் உள்விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தது. பிறகு ராடை என் கையில் கொடுத்தார்.

"நகத்த வச்சு மேலயிருந்து கீழ இழுங்க தம்பி."

இழுத்தேன். ஓர் இடத்தில் நகம் லேசாகத் தட்டியது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கீறல்.

"இது ஒண்ணு போதுங்க. ஒவ்வொரு தடவையும் இது சீல அறுத்துட்டே போகும். தூசி கவர் கிழிஞ்சு தொங்கியிருக்குமே, பாத்தீங்களா?"

உண்மைதான். டஸ்ட் பூட் கிழிந்து, மண் ராடில் ஒட்டி, ராடு மேலும் கீழும் போகும்போது அந்த மண் உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கிறது. அதற்கும் கீழே பம்ப் ஸ்டாப் இருக்க வேண்டிய இடத்தில் அதன் பாதிதான் இருந்தது. வண்டியைத் தாழ்த்தியபோது 'இடம் பத்தவில்லை' என்று யாரோ வெட்டியிருக்கிறார்கள். பம்ப் ஸ்டாப் என்பது ராடு அடிமட்டம் போய் இடிக்காமல் காக்கும் நுரை பாலியூரித்தேன் துண்டு. விலை மலிவு. அதை வெட்டினால் ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் உலோகம் உலோகத்தில் இடிக்கும், உள்ளே இருக்கும் வால்வுத் தகடுகள் வளையும்.

ஆக டேம்பரைக் கொல்பவை அழுக்கு, அடிமட்ட இடி, பக்கவாட்டு அழுத்தம், சூடு. வண்டி குதிக்கும் வேகத்தை எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளிச் சூடாக மாற்றுவதுதான் டேம்பரின் வேலையே. எனவே சூடு வரத்தான் செய்யும். ஆனால் சாலையில் ஓடும் வண்டிக்கு முதல் எதிரி அந்த அடிமட்ட இடி. அது வண்டியை வைக்கும் உயரத்தில் இருந்து வருகிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. என் போலோவின் எடை சுமார் 1,100 கிலோ. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் ஏறக்குறைய 60 சதவீதம் முன் வீல்கள் மேல். ஒரு வீலுக்கு 330 கிலோ. அதில் வீல், டயர், பிரேக் எடையைக் கழித்தால் முன் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் தாங்குவது சுமாராக 300 கிலோ. ஜப்பான், தைவான் கம்பெனிகள் ஸ்பிரிங் பலத்தை மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று தருவார்கள். 6 கிலோ ஸ்பிரிங் என்றால் 1 மி.மீ. அமுங்க 6 கிலோ வேண்டும். ஜெர்மன்காரர்கள் நியூட்டனில் தருவார்கள், கிலோ கணக்கை 9.8ஆல் பெருக்கினால் அது வந்துவிடும். சரி, 300 கிலோ சுமைக்கு 6 கிலோ ஸ்பிரிங் 50 மி.மீ. அமுங்கி நிற்கும்.

டேம்பரின் மொத்த ஓட்டம் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டி சும்மா நிற்கும்போதே 50 போய்விட்டது. மிச்சம் 70. அதில் பம்ப் ஸ்டாப் 30 மி.மீ. நீளம் என்றால், வீல் தடையில்லாமல் மேலே வர இருப்பது 40 மி.மீ. மட்டும். இந்த நிலையில் ஒருவர் ஸ்பிரிங் தட்டைத் திருகி இன்னும் 20 மி.மீ. இறக்குகிறார். இப்போது மிச்சம் 20 மி.மீ. ஒரு சின்னக் குழியில் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுவிடும். அதற்குமேல் வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை, பம்ப் ஸ்டாப்பில் ஓடுகிறது. "காயிலோவர் போட்டேன், முதுகு போச்சு" என்று சொல்பவர்களில் பலர் குறை சொல்வது ஸ்பிரிங்கை. இடிப்பது பம்ப் ஸ்டாப்.

நம்ம ஊர் வேகத்தடைகளையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தால் 25 கி.மீ. வேகத்தில் தாழ்ந்த வண்டியும் நிம்மதியாக ஏறி இறங்கும். பொள்ளாச்சி பக்கம் கிராமச் சாலைகளில் இருப்பவை அந்த அகலத்தில் பாதிகூட இல்லாமல், செங்குத்தாக எழும்பி நிற்கின்றன. வெள்ளைக்கோடு அழிந்துபோயிருக்கும். இரவில் ஒன்றைத் தவறவிட்டால் டேம்பர் முழு ஓட்டமும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். இந்த ரோட்டுக்குத்தான் நாம் வாங்குகிறோம், ஜெர்மன் ஆட்டோபானுக்கு இல்லை.

அதனால் என் கருத்து: காயிலோவரை வண்டியைத் தாழ்த்துவதற்காக வாங்காதீர்கள். நல்ல டேம்பருக்காகவும், அதற்குப் பொருத்தமான ஸ்பிரிங்குக்காகவும் வாங்குங்கள். உயரம் 20, 25 மி.மீ. குறைந்தால் போதும், பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். இந்தியாவில் ராலி ஓடும் போலோக்களைப் பாருங்கள். வேகத்துக்காகவே கட்டப்பட்ட அந்த வண்டிகள் உயர்ந்துதான் நிற்கின்றன. மண் பாதையில் வேகமாகப் போக வீலுக்கு நீண்ட ஓட்டம் வேண்டும் என்று அந்த டீம்களுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. போலோவின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது டேம்பரே வீலைப் பிடித்து நிற்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு. இதில் வண்டியை அதிகம் தாழ்த்தினால் கீழ் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது ரோல் சென்டர் எனப்படும் புள்ளி, அதாவது வளைவில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டி இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. அதாவது எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே தூரம் கூடுகிறது, வளைவில் வண்டியைச் சாய்க்கும் விசையும் கூடுகிறது. தாழ்த்தினால் சாயாது என்று நினைத்துத் தாழ்த்துகிறோம்; ஓர் அளவுக்குமேல் அதுவே சாய்க்கிறது, அதைச் சமாளிக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. கூடவே டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் மாறுகிறது, லிங்க் ராடு, ஆர்ம் புஷ் எல்லாம் தேய்கின்றன.

உயரத்தை மாற்றும் முறையையும் வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வகையில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை மரையில் ஏற்றி இறக்கலாம். மேலே சொன்ன கணக்கு அதற்குத்தான். இறக்க இறக்க ஓட்டம் குறையும். தைவான் கம்பெனியான பிசி ரேசிங்கின் பிஆர் போன்ற செட்களில் கீழ் பிராக்கெட்டே தனி மரையில் ஏறி இறங்கும், அதனால் ஸ்பிரிங்கைத் தொடாமல் உயரத்தை மாற்றலாம், டேம்பரின் ஓட்டம் அப்படியே இருக்கும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் ஓட்டம் குறையாததால் வீல் முழுதாக மேலே வரும். வண்டி மிகவும் தாழ்ந்திருந்தால் டயர் ஃபெண்டர் உள்பக்கத்தில் உரசும். இந்த வகையை மாட்டும்போது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் வீலை முழுதும் தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி, எங்கே இடிக்கிறது என்று பார்த்து உயரத்தை முடிவு செய்ய வேண்டும். இதற்குப் பொறுமை உள்ள மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஸ்பிரிங் பலத்தைப் பொறுத்தவரை, தினமும் ஓட்டும் போலோ எடையுள்ள வண்டிக்கு முன்பக்கம் 4, 4.5 கிலோ போதும் என்று நினைக்கிறேன். சாதாரணக் கார்கள் விநாடிக்கு 1 முதல் 1.5 தடவை அசையும்படி அமைக்கப்பட்டிருக்கும். 300 கிலோ மேல் 6 கிலோ ஸ்பிரிங் வைத்தால் அது 2.2 தடவைக்குப் போகிறது. செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் வழவழப்பான தாரில் அது சுகம். அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழியில் சுகமில்லை. 4.5 கிலோ வைத்தால் 1.9 தடவை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறுக்கமாகவும் இருக்கும், மழை அரித்த ஓரங்களில் டயர் தரையை விடாமலும் இருக்கும். மலைப்பாதையில் பிடிமானம் என்பது டயர் தரையில் இருப்பதுதான். குதித்துக்கொண்டிருக்கும் டயருக்கு எவ்வளவு கடினமான ஸ்பிரிங் இருந்தும் பயனில்லை.

டேம்பர் மோனோடியூப்பா (ஒற்றைக் குழாய்), ட்வின் டியூப்பா (இரட்டைக் குழாய்) என்ற சர்ச்சை தீராதது. மோனோடியூப் பிரான்ஸின் பூர்சியே தெ கார்போன் கண்டது. 1954இல் ஜெர்மன் கம்பெனியான பில்ஸ்டைன் அதைக் கையில் எடுத்து, 1957 முதல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குத் தயாரித்தது. ஒரே குழாய், அதில் பிஸ்டன், எண்ணெய்க்குக் கீழே மிதக்கும் ஒரு தடுப்பு, அதற்கும் கீழே உயர் அழுத்தத்தில் நைட்ரஜன். எண்ணெய் நுரைக்காது, சூடு வெளிச்சுவர் வழியாகச் சீக்கிரம் போய்விடும். ரேஸ் டிராக்கில் இதற்கு நிகரில்லை. ஆனால் அந்த வெளிச்சுவரேதான் பிஸ்டன் ஓடும் சுவரும். ஒரு கல் தெறித்து நசுங்கினால் பிஸ்டன் அங்கே சிக்கும், டேம்பர் போச்சு. ட்வின் டியூப்பில் பிஸ்டன் உள்குழாயில் ஓடுகிறது. வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். கேஸ் அழுத்தமும் குறைவு என்பதால் சீலுக்குச் சுமை குறைவு.

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் டேம்பரே வீலைப் பிடித்து நிற்கும் தூணாகவும் இருப்பதால் ராடு மேல் பக்கவாட்டு அழுத்தம் விழுகிறது. பட்டறையில் பார்த்த அந்தச் சீல் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியதற்குக் காரணம் அதுதான். இதற்காகவே பில்ஸ்டைன் தன் ஸ்ட்ரட்களில் மோனோடியூப்பைத் தலைகீழாக வைக்கிறது. மெல்லிய ராடுக்குப் பதில் தடித்த உடலே வெளிக்கூட்டுக்குள் சறுக்கும், வளையாது. நல்ல யோசனை, ஆனால் சறுக்கும் புஷ்களுக்கு கிரீஸ் வேண்டும், தூசி சீல் நன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கும்.

எனவே மாதம் ஒருமுறை டிராக்குக்குப் போகிறவர் மோனோடியூப் வாங்கட்டும். ரோட்டில் ஓட்டி, எப்போதாவது டிராக்கில் விளையாடுகிறவருக்கு நல்ல ட்வின் டியூப் நீண்ட நாள் வரும். என் வண்டியில் இருப்பது ஜெர்மன் கம்பெனியான கேடபிள்யூவின் வேரியன்ட் 1. உடல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ட்வின் டியூப், டேம்பிங்கை மாற்ற எந்தத் திருகும் கிடையாது. கம்பெனி வைத்த அளவுதான்.

திருகு இல்லையா என்று நண்பர்கள் ஏமாற்றத்தோடு கேட்பார்கள். 30 கிளிக், 32 கிளிக் என்று விளம்பரங்களில் பார்த்துப் பழகிவிட்டது. ஒரே திருகு இருக்கும் டேம்பரில் அது அமுங்கும் விசையையும் விரியும் விசையையும் சேர்த்தே மாற்றும், பெரும்பாலும் விரிவதை. அந்த 30இல் உபயோகமானவை நடுவில் சில கிளிக்குகள்தான். ஒவ்வொரு திருகும் ஒரு சின்ன ஓ-ரிங், ஒரு ஊசி, மண் புக ஒரு துளை. திருகை அடிக்கடி தொடுகிறவருக்கு அது வரம். மற்றவர்களுக்குப் பழுதாக இன்னோர் இடம். இரண்டு திருகு உள்ள வேரியன்ட் 3 மாதிரி செட்கள் அற்புதமானவை. அந்தப் பணத்தை, அமைப்பை மாற்றி மாற்றிக் கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவர் செலவழித்தால் அர்த்தமிருக்கிறது.

ஸ்ட்ரட்டை வண்டி உடலோடு பிணைக்கும் டாப் மவுண்டில் பில்லோ பால் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டால், ரோடு வண்டிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை மூட்டு வைப்பது அது. ஸ்டியரிங் துல்லியமாகும், கேம்பர் எனப்படும் வீலின் சாய்வை மாற்றலாம். புழுதியும் மழைநீரும் உள்ளே போனதும் தளர்ந்து ஒவ்வொரு குழிக்கும் டொக் டொக் என்று அடிக்கும்.

சென்னை, தூத்துக்குடி, நாகை மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் மரையைக் கவனிக்க வேண்டும். ஸ்டீல் உடலில் அலுமினிய வளையம், நடுவே உப்பு ஈரம் என்றால் இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உயரத்தை மாற்ற முடியாது, கழற்ற முயன்றால் வளையம் உடையும். ஸ்டெயின்லெஸ் உடலும் கலப்புப் பிளாஸ்டிக் வளையமும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கோவை மாதிரி கடலில்லாத ஊரில்கூட மழைக்காலம் முடிந்ததும் மரையைக் கழுவி, பிரஷ் போட்டு, சிலிக்கான் ஸ்பிரே அடித்து வைப்பேன்.

பின்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போலோவின் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் வீல்களையும் இணைக்கும், முறுக்கத்துக்கு இடம் தரும் ஓர் உத்தரம். ஸ்பிரிங் ஓரிடத்தில், டேம்பர் ஓரிடத்தில். காயிலோவர் செட் என்று வாங்கினாலும் பின்னால் வருவது தனி ஸ்பிரிங்கும், உயரம் மாற்ற ஒரு மரைத்தட்டும், தனி டேம்பரும்தான். பெட்டியைத் திறந்துவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். பின்னால் குடும்பமும் சாமானும் ஏறும் வண்டி என்றால், முழுச் சுமையை ஏற்றிய பிறகு எவ்வளவு ஓட்டம் மிச்சம் என்று பார்த்துத்தான் உயரம் வைக்க வேண்டும்.

இனி ரிப்பேர். என்னதான் நல்ல டேம்பர் என்றாலும் சீல் ஒருநாள் போகும். அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்பதை வாங்கும் அன்றே கேட்டுவிட வேண்டும். சில செட்கள் பிரிக்க முடியாதபடி மூடி வெல்டிங் செய்யப்பட்டவை. ஜப்பான் கம்பெனியான டெயின் தன் இஸட் வரிசையை வேண்டுமென்றே அப்படி விற்கிறது: ஓவர்ஹால் கிடையாது, ஒரு டேம்பர் போனால் அதை மட்டும் குறைந்த விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒற்றை டேம்பர் இங்கே கைக்குக் கிடைத்தால் அது நேர்மையான வழிதான். ஓலின்ஸ், கோனி, பில்ஸ்டைன், கேடபிள்யூ போன்றவை உதிரிப் பாகமோ சர்வீஸோ தருகிற கம்பெனிகள். தைவான் செட்களில் பலவற்றைப் பிரித்துக் கட்டலாம். சீல் கிட் தனியாக வாங்க முடிகிறதா என்பதே கேள்வி. பெட்டியில் ஜெர்மன் பெயரும் உள்ளே என்னவோவும் இருக்கும் போலிகள் சந்தையில் சுற்றுகின்றன. சீரியல் எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பிக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கோவையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பம்ப் செட் கட்டி வளர்ந்த ஊர் என்பதால் ராடுக்கு ஹார்டு குரோம் போடவும், ஒரு புஷ் கடைந்து தரவும் கைதேர்ந்த லேத் பட்டறைகள் இருக்கின்றன. ரேஸ் பட்டறைகளில் நைட்ரஜன் நிரப்புகிறார்கள். பிரித்துக் கட்டிய பிறகு டேம்பரின் விசையை அளக்கும் இயந்திரமான டேம்பர் டைனோவில் ஏற்றி, இடது வலது இரண்டும் ஒரே விசை காட்டுகிறதா என்று வரைபடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விழாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், கம்பெனி டேம்பர்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஜெர்மனியில் காயிலோவரோடு வாகனச் சோதனை அமைப்பான டியூவியின் அறிக்கை வரும். எந்த வண்டிக்கு, எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை என்று அதில் எழுதியிருக்கும். நம் ஊரில் அந்தக் காகிதத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை, ஆனால் அந்த உயர எல்லையை நான் வேதமாக எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கம்பெனி எந்த எல்லைக்குள் சோதித்துப் பார்த்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. என் வண்டி அந்த எல்லையின் மேல்முனையை ஒட்டி நிற்கிறது.

மாட்டும் அன்று ஒரு விஷயத்தில் மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள். கீழ் ஆர்ம், பின் பீம் இவற்றின் ரப்பர் புஷ் போல்ட்களை, வண்டி லிஃப்டில் வீல் தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் அந்த ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சில மாதங்களில் கிழியும். போல்ட்டை லேசாகப் பிடித்துவைத்து, வண்டியை இறக்கி, எடை வீல்மேல் விழுந்த பிறகு டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல்லுங்கள்.  வீல் அலைன்மென்ட்டை அன்றே செய்துவிட்டு, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் உயரத்தை அளந்து மறுபடி ஒருமுறை செய்யுங்கள். பம்ப் ஸ்டாப்புக்குக் கீழே ராடில் ஒரு சின்ன ஸிப் டை (பிளாஸ்டிக் கட்டு) கட்டிவிட்டால் அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதை வைத்து உங்கள் வழக்கமான ரோட்டில் டேம்பர் எவ்வளவு ஓடுகிறது என்று தெரியும். அது பம்ப் ஸ்டாப் பாதி நசுங்கும் இடத்தைத் தாண்டிப் போயிருந்தால் வண்டியை 5 மி.மீ. ஏற்றுங்கள், மறுபடி ஓட்டுங்கள், மறுபடி பாருங்கள்.